நெற்றி விளக்கின் சூடு

நடந்தவை, வரிசையாக:

1. ரியாத்தில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த என் அண்ணன் ஆறு மாத விடுப்பில் மதுரைக்கு வந்தான். அதற்குள் திரும்பாவிட்டால் ரீ-என்ட்ரி விசா காலாவதியாகிவிடும், அங்கே வேலையும் போய்விடும்.
2. திரும்பாமலே இருந்துவிட ஒரு வழியாக, மல்லிகை பறிப்பவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. விளக்கு செய்யத் தொடங்கினான். மின்சுற்றை நான் போட்டுக் கொடுத்தேன்.
3. விளக்கு நன்றாக எரிந்தது. நெற்றியும் சுட்டது.
4. நான் ஊரில் இல்லாத ஒரு வாரத்தில் அண்ணன் அதைச் சுடாமல் செய்தான்.
5. எல்லோரும் பாராட்டினார்கள்.
6. விளக்குகள் மங்கத் தொடங்கின.
7. மாட்டுத்தாவணி பூக் கமிஷன் கடையிலிருந்து அவை ஒரு சாக்கில் திரும்பி வந்தன.

எட்டாவதிலிருந்து என்னால் எண் போட்டுச் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்தவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

கே.கே. நகரில் எங்கள் வீட்டின் கீழே ஒரு கார் ஷெட் உண்டு. கார் கிடையாது. வீடு கட்டும்போது, என்றாவது வாங்குவோம் என்று அப்பா விட்டுவைத்த இடம். அங்கே கிடந்த உடைந்த கட்டிலையும் தண்ணீர் டிரம்மையும் ஒதுக்கிவிட்டு அண்ணன் இரண்டு மேசைகள் போட்டான். நான் அப்போது ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கல்லூரிப் பேருந்து, மாலையில் அதே பேருந்து, வந்ததும் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகள், அவை முடிந்த பிறகு ஷெட். மின்வெட்டு முறை வைத்து வந்துகொண்டிருந்த வருஷம் அது. விளக்கு செய்கிற இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு, சால்டரிங் அயர்ன் ஆறுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம்.

அண்ணன் மகளுக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்து இரண்டு விடுப்புகளில்தான் அவள் அவனைப் பார்த்திருந்தாள். விருந்தாளிகளுக்கு மட்டும் எடுக்கும் பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். கொடுத்துவிட்டு ஓடிப்போய் மதினியின் சேலைக்குப் பின்னால் நின்றுகொள்வாள். ஒரு நாள் எல்லோரும் இருக்கும்போதே, "அம்மா, அவுக எப்ப ஊருக்குப் போவாக?" என்று கேட்டாள். மதினி சிரித்துச் சமாளித்தார். அண்ணன் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு ஷெட்டுக்குப் போய்விட்டான்.

"இந்தத் தடவ போனா அடுத்து இவ சடங்குக்குத்தான் வருவேன் பாப்பா" என்று பிறகு என்னிடம் சொன்னான். "அப்பயும் வாங்கம்பா, உக்காருங்கம்பா, காப்பி போடவாம்பா."

விளக்கு ஓடினால் அவன் இருப்பான், ஓடாவிட்டால் போவான். வீட்டில் யாரும் இதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

மல்லிகையை மொட்டாகவே பறித்தாக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் அது மாட்டுத்தாவணிக்கு வந்துசேர வேண்டும். அதனால் பறிப்பவர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். டார்ச்சைக் கையில் பிடித்தால் பறிக்க ஒரு கைதான் மிஞ்சும். சிலர் பென் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பறிப்பார்கள். அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவர் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்தார். "நெத்தியில கட்டுற மாதிரி நல்லதா ஒண்ணு செஞ்சு குடு மாப்ள, எங் கடைக்குப் பூப் போடுற அம்புட்டு தோட்டத்துக்கும் நான் குடுக்கேன்" என்று அவர் சொன்ன ஒரு வார்த்தையில் தொடங்கியதுதான் எல்லாம்.

பேட்டரிப் பெட்டி இடுப்பில் இருக்கும். நெற்றியில் ஒரு சின்ன அலுமினியக் கூடு, அதற்குள் ஒரே ஒரு எல்.இ.டி. இதில் சூடு எப்படிப் போகிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது புரிந்துவிடும். குண்டு பல்பு தன் சூட்டை வெளிச்சத்தோடு சேர்த்து முன்னால் வீசிவிடும். எல்.இ.டி.யில் வெளிச்சம் முன்னால் போகும், சூடு முதுகில் நிற்கும். அந்தச் சூட்டை முதுகிலிருந்து உலோகத்துக்கும், உலோகத்திலிருந்து காற்றுக்கும் கடத்திவிட வேண்டும். கடத்தாவிட்டால் எல்.இ.டி. பட்டென்று போய்விடாது. தன் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே இருக்கும். ஆகவே கூடு சுடுகிறதென்றால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். எல்.இ.டி.யோடு வரும் தாளில் இருக்கும் கணக்கெல்லாம் இருபத்தைந்து டிகிரி அறைக்கானவை. மார்கழி விடியலைத் தவிர மதுரையில் அப்படி ஓர் அறையை நான் பார்த்ததில்லை. மல்லிகை வந்து குவிவதோ சித்திரை, வைகாசியில்.

முதலில் கொடுத்த விளக்குகளைக் கட்டிக்கொண்டவர்கள் நெற்றி எரிகிறது என்றார்கள். நான் மின்னோட்டத்தைக் குறைக்கச் சொன்னேன். அண்ணன் ஒப்பவில்லை. "கடையில ரெண்டு லைட்டச் செவுத்துல அடிச்சுப் பாப்பாக. எது தூக்கலா இருக்கோ அதத்தான் எடுப்பாக. மங்கலா ஒண்ணச் செஞ்சு நான் யாருகிட்டக் குடுக்க?" மின்னோட்டம் அப்படியே இருந்தது. செய்முறைத் தேர்வு நடத்துவதற்காகத் தேனிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனேன்.

திரும்பி வந்த மாலையில் அண்ணன் ஒரு விளக்கை எரியவிட்டு என் கையில் வைத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

"தொட்டுப் பாரு."

தொட்டேன். சுடவில்லை. ஏ.சி.யின் செம்புக் குழாய்களைச் சுற்றி ஒரு கறுப்பு ரப்பர் நுரை இருக்குமே, அதை அளவாக வெட்டி, மடிப்பே தெரியாமல் கூட்டைச் சுற்றி ஒட்டியிருந்தான். வெட்டிக் கொடுத்தது மதினி. அவர் கைவேலையில் ஒரு பிசிறு இருக்காது.

"அண்ணே, சூடு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. அடைச்சாச்சு. எட்டு வருசமா இதான பாப்பா எனக்கு வேல? எம்புட்டு வெயிலுன்னாலும் ஒரு பொட்டு உள்ள விடமாட்டேன்."

"வெயிலு வெளிய இருந்து வரும். இது உள்ள இருந்துல்ல வருது?"

அவன் விளக்கைத் திரும்ப வாங்கி நுரையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான். ரியாத்தில் அவனுக்குத் தெரிந்த சூடு ஒரே திசையில் வருவது. சுவருக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வரப் பார்ப்பது. அதற்குக் கதவைச் சாத்துவதுதான் அவன் தொழில். இங்கேயும் சாத்திவிட்டான், நெருப்பை உள்ளே வைத்து. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொழில் தெரிந்தவன் செய்கிற தவறு அது. தொழில் தெரியாதவன் அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டான்.

நுரைக்கு அடியில் வெப்பம் அளக்கும் கம்பியைச் செருகி மீட்டரைப் பார்த்தேன். எண் ஏறிக்கொண்டே போய்த் தொண்ணூறு டிகிரியை ஒட்டி நின்றது. அதற்குள் நுரை சுற்றிய விளக்குகளெல்லாம் தோட்டங்களுக்குப் போயிருந்தன. திருப்பி வாங்கிவிடலாம் என்றேன்.

"அத்தன பேரும் நல்லா இருக்குங்காக. கடக்காரன் போன் போட்டு, 'மாப்ள, ஏ.சி. வச்ச லைட்டாமே'ங்கான். இப்பப் போயி திருப்பிக் குடுங்கன்னா கிறுக்குப் பயம்பாக" என்றான்.

மங்கியதை முதலில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தினமும் ஒரு துளி குறைந்தால் கண் அதற்குப் பழகிக்கொள்ளும். பறிப்பவர்கள் விளக்கு மங்குகிறது என்று சொல்லவில்லை, கண் மங்குகிறது என்றார்கள். ஒரு தோட்டத்திலிருந்து மூன்று பெண்கள் சேர்ந்து கண் ஆஸ்பத்திரிக்கே போய், சொட்டு மருந்து விட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். கண்ணில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களாம். பிறகு கமிஷன் கடைக்காரர் தன் கடையில் பிரிக்காமல் இருந்த ஒன்றையும் தோட்டத்திலிருந்து வந்த ஒன்றையும் சேர்த்துச் சுவரில் அடித்துப் பார்த்தார். ஒன்று வெள்ளை வட்டம். மற்றது கழுவித் துடைத்த மாதிரி ஒரு நீலக் கறை.

சாக்கை அவரே பைக்கில் கொண்டுவந்து ஷெட் வாசலில் இறக்கினார்.

"மாப்ள, பூ வாடுனாக்கூட சென்ட்டுக் கம்பெனிக்காரன் எடுத்துக்கிருவான். வாடுன லைட்ட எவன் எடுப்பான்?"

அண்ணன் சாக்கை உள்ளே இழுத்தான். அவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீ இஞ்சினியரு தானே? வீட்டுல ஒரு இஞ்சினியர வச்சுக்கிட்டு இவன் ரப்பரச் சுத்திக் குடுக்கான்" என்றார். கிளம்பும்போது குரலைத் தணித்து, "ஒரு வாட்டி பொறுப்பேன் மாப்ள. ரெண்டாவது வாட்டி நான் பொறுத்தாலும் தோட்டத்துக்காரன் பொறுக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடுப்பில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. மதினி ஒவ்வொரு விளக்காக எடுத்துத் தான் ஒட்டிய நுரையைத் தானே பிளேடால் கீறி உரித்தார். ஒட்டியதைவிட உரிப்பதற்கு அதிக நாள் ஆனது.

புதியதில் நான் மூன்று மாற்றங்கள் செய்தேன். கூட்டின் வெளிப்பக்கம் சீப்புப் பல்போல வரிகள் வைத்த அலுமினியம். நெற்றிக்கும் கூட்டுக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டு இரண்டு பட்டைகள். பாதியாகக் குறைத்த மின்னோட்டம். முதல் இரண்டையும் அண்ணன் தலையாட்டி ஏற்றுக்கொண்டான். மூன்றாவதற்கு பழைய விளக்கு ஒன்றைச் சுவரில் அடித்துப் பார்த்துவிட்டு, "செய்யி" என்றான்.

திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்துக்கு அண்ணனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மூவரும் அங்கேதான் பறித்தார்கள். இருட்டு விலகவில்லை. அவர்களில் மூத்தவர் புது விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு வரிசை பறித்துவிட்டு வந்தார்.

"சுடல ஆத்தா. மொட்டுக்கு இந்த வெளிச்சம் போதும். வரப்புல நடக்கையில என்ன செய்ய? பாம்பு என்ன, மொட்டு மாதிரிப் பக்கத்துலயா வந்து நிக்கும்?"

"நின்னா அதையும் பறிச்சு மடியில போட்டுக்கிருவா" என்றது பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல். அந்த இருட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கேட்டது நியாயம். சூடு உடனே ஏறுவதில்லை. வரப்பைக் கடக்கும் நேரத்துக்கு முழு வெளிச்சம் கொடுத்தால் கூடு தாங்கும். பேட்டரிப் பெட்டியில் ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்திப் பிடித்திருக்கும் வரை முழு வெளிச்சம், விட்டால் பாதி. கல்லூரியில் மதிய இடைவேளையில் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்தேன். சரியாக இருந்தது.

அடுத்த முறை போனபோது எல்லா விளக்குகளும் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தன. பூப் பையின் வாயைக் கட்ட வைத்திருந்த வாழைநாரால் பெட்டியைச் சுற்றி இறுக்கி, பொத்தானை அழுந்திய நிலையிலேயே முடிச்சுப் போட்டிருந்தார்கள். நல்ல முடிச்சு. அவிழ்க்க எனக்கு நகம் போதவில்லை.

"ரெண்டு கையும் மொட்டுல இருக்கு. பொத்தான அமுக்க மூணாவது கைக்கு எங்கிட்டுப் போக?" என்றார் மூத்தவர்.

"பறிக்கும்போது எதுக்கு அமுக்கணும்? கம்மி வெளிச்சம் போதும்னு நீங்கதான சொன்னீக?"

"அன்னைக்கு உன் ஒரு லைட்டுதான இருந்துச்சு? இப்ப பக்கத்து வரிசைக்காரி அதிகமா வச்சிருக்கா. அவ வெளிச்சத்துல என் லைட்டு செத்த மாதிரி இருக்குல்ல?"

திரும்பும் வழியில் இதைச் சொன்னதும் அண்ணன் பைக்கை ஓரமாக நிறுத்திச் சிரித்தான். அந்த ஆறு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "நீ படிச்சதுல வாழநாரு பாடம் வரலயா பாப்பா?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இன்னொரு முறை எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

பொத்தானை எடுத்துவிட்டேன். கூட்டின் உள்பக்கத்தில் மிளகளவு ஒரு தெர்மிஸ்டரை ஒட்டினேன். சூட்டை உணரும் பொருள் அது. விளக்கை ஏற்றினால் முழு வெளிச்சத்தில் தொடங்கும். கூடு சூடாக ஆக மின்னோட்டம் தானே குறையும், ஆறினால் கூடும். முதலில் செய்ததில் வெளிச்சம் சட்டென்று இறங்கியது. அதைப் பார்த்தவர்கள் பேட்டரி போய்விட்டது என்று இடுப்புப் பெட்டியைத் தட்டினார்கள். அதனால் யாருக்கும் தெரியாத அளவுக்கு மெதுவாக இறங்கும்படி மாற்றினேன். யாரும் எதையும் அழுத்த வேண்டாம், கட்ட வேண்டாம். ஷெட்டில் மத்தியான வெயிலில் விளக்கை எரியவிட்டு, மீட்டரின் எண் ஏறி, தயங்கி, அறுபதுக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிட்டதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். தூக்கம்தான் வந்தது.

ரியாத்துக்கு அனுப்பும் ஏஜென்ட் அந்த வாரத்திலிருந்து தினமும் போன் செய்தார். டிக்கெட் போடவா, வேண்டாமா? இங்கேதான் சிக்கல். ஒரு எல்.இ.டி. மங்குகிறதா, நிலைக்கிறதா என்பதை எரியவிட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். மாதக் கணக்கில் எரிய வேண்டும். விசாவுக்கு அவ்வளவு நாள் மீதி இல்லை. தோட்டங்களுக்குப் புது விளக்குகள் போய்ச் சேர்ந்திருந்தன, ஆனால் அவை எதையும் நிரூபிக்க இன்னும் நேரம் ஆகவில்லை.

ஒரு சாயங்காலம் ஷெட்டில் அண்ணன் கேட்டான். மதினி அங்கேயே உட்கார்ந்து பட்டைகளுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். அவர் ஊசி நின்றது.

"சொல்லு பாப்பா. நிக்குமா, நிக்காதா?"

அவன் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. நிற்காது என்று சொல்லியிருந்தால் அவனுக்கு அது ஒருவேளை நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். நான் அளந்ததை மட்டும் சொன்னேன்.

"சூடு எல்லைக்குள்ள இருக்கு. விளக்கு நிக்கும். அத வாங்குவாகளான்னு கேக்காத, எனக்குத் தெரியாது. டெல்லியிலருந்து வர்ற சைனா லைட்டு இதவிடத் தூக்கலா எரியும். ரெண்டு மாசத்துல செத்துரும், ஆனா கடையில செவுத்துல அடிச்சுப் பாக்கையில அதுதான் ஜெயிக்கும்."

"அப்ப பாதி தெரியும், பாதி தெரியாது."

"ஆமாண்ணே."

மதினி ஊசியைப் பட்டையில் குத்தி நிறுத்திவிட்டு, "பாதி தெரிஞ்சா போதாதா? அன்னைக்கு நீங்க சவூதிக்குப் போகையில இம்புட்டுகூடத் தெரியாமத்தான் போனீக" என்றார். அண்ணன் அவரைப் பார்த்தான். பிறகு தைத்துவைத்த பட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

கிளம்ப வேண்டிய நாளன்று அவன் காலையிலேயே டூல் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கே.கே. நகர் கிளினிக் ஒன்றில் ஏ.சி. ஓடவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலம் சட்டை முழுக்கத் தூசியோடு திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டான்.  மறுநாள் ஏஜென்ட் போன் செய்யவில்லை. அவன் போகப்போவதில்லை என்பது அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போதைய நிலை இது. அந்த விளக்குகள் அடுத்த மல்லிகைப் பருவத்தையும் தாண்டி எரிகின்றன. சூட்டால் போனதென்று ஒன்றும் திரும்பவில்லை. புதிதாகக் கேட்பவர்கள் குறைவு. கமிஷன் கடைக்காரர் சைனா விளக்குகளையும் வைத்திருக்கிறார், எங்களுடையதையும் வைத்திருக்கிறார். அண்ணன் பகலில் ஏ.சி. வேலைக்குப் போகிறான். ஆர்டர் வந்தால் மதினியும் நானும் உட்கார்ந்து விளக்கு செய்கிறோம், வராவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிடுகிறோம். ரியாத்தில் இருந்ததைவிடக் குறைவாகத்தான் வருகிறது. அண்ணன் மகள் ஒன்றாம் வகுப்புப் போகிறாள், அவளைக் கொண்டுபோய் விடுவது அவன்தான். நான் அதே கல்லூரியில்தான் இருக்கிறேன். எல்லோருக்கும் அலுப்பாக இருக்கிறது. யாரும் எங்கேயும் போகவில்லை.